பேரை வெட்டிய பாட்டுகள்

கல்மண்டபம் பகுதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் சில மாதங்கள் வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் எண்ணூர் பக்கம் லாரியில் கிளீனர், பிறகு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. படிப்பு எட்டாவதோடு நின்றது. என்னிடம் சொந்தமாக, பேட்டரியிலும் ஓடுகிற ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. அதிலிருந்து ஒயர் இழுத்துக் கம்ப்யூட்டரில் பாட்டு ஏற்றத் தெரியும். அதற்காகத்தான் முதலாளி சேர்த்துக்கொண்டார். படுக்கையும் கடைக்குள்ளேயே. பிளைவுட் தடுப்புகளில் கண்டவன் துப்பிவிட்டுப் போன எச்சில் கலீஜைக் காலையில் துடைப்பதும் என் வேலைதான்.

முதலாளி முன்பு கேசட் கடை வைத்திருந்தவர். கேசட் வியாபாரம் படுத்ததும், கானா பாட்டுகளை வெப்சைட்டில் போடப்போகிறேன் என்று கிளம்பினார். அதிலும் சாவு வீட்டுக் கானாதான் வேண்டும் என்றார். எங்கள் பக்கம் சாவு வீட்டில் பாட வருகிறவர், செத்தவரின் பேர், தெரு, பார்த்த வேலை எல்லாவற்றையும் பாட்டுக்குள் கோர்த்துவிடுவார். மெட்டு எல்லோருக்கும் தெரிந்த பழைய மெட்டுதான். பேர் விழுந்ததும் அது அந்த வீட்டுப் பாட்டாகிவிடும். சிலர் அதைக் கேசட்டில் பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

அப்படி ஒரு கேசட்டோடு மீன் விற்கிற அம்மா ஒருத்தர் வந்தார். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், வீட்டு மாடியில் புறா வளர்த்தவர். ஒரே மகன் துபாயில். அப்பா சாவுக்கு வர அவனுக்கு லீவு கிடைக்கவில்லை.

"எம் புள்ள வெள்ளிக்கெயம கம்பூட்டர் கடைக்குப் போவான். அவங்க நைனாவ எப்டி அனுப்பி வெச்சோம்னு அவன் கேக்கணும். போட்டுக் குடு கண்ணு."

கேசட் ஓடி முடிகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்து ஏற்றினேன்.

முதலாளி அமைத்த வெப்சைட் பக்கத்தில் மண்டை ஓடுகள் ஆடின. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பெட்டி, எல்லாப் பெட்டியும் பக்கம் திறந்தவுடன் தானாகப் பாடும்படி வைத்திருந்தார். திறந்தார். அத்தனை சாவு வீடும் ஒரே நேரத்தில் கத்தியது.

"கெத்தா கீதுல்ல?"

"மீன் ஏலமாட்டம் கீது. பாட்டுங்கள வரிசையா எய்திப் போடுவோம். எத்த அமுக்குறானோ அது மட்டும் பாடட்டும். முடிஞ்சா அடுத்தது."

"அமுக்குறதுக்குள்ள ஓடிடுவான் மாமு. தொறந்த ஒடனே காதுல அறையணும்."

மறுபடி திறந்தபோது கம்ப்யூட்டரே நின்றுபோனதும் வேறு வழியில்லாமல் வரிசைக்கு வந்தார். அதோடு விட்டிருக்கலாம். பாட்டுக்குப் பாட்டு நடுவில் தன் குரலில் வெப்சைட் பேரைச் சொருகினார். பிறகு பேர்களை வெட்ட உட்கார்ந்தார்.

"செத்தவன் பேரு எவனுக்கு வேணும்? பேரு இருந்தா அது ஒரு வூட்டுப் பாட்டு. எட்த்துட்டா ஊருக்கே பாட்டு."

பிரியாணி தின்றுகொண்டே வெட்டினார். திரையில் குரல் கோடு கோடாக ஓடும். பேர் வருகிற இடத்தை எண்ணெய் விரலால் இழுத்துப் பிடித்து அழிப்பார். ஓர் எலும்பைக் கடித்துவிட்டு அடுத்த பேர். மவுஸ் முழுக்க மசாலா. எச்சில் துடைக்கிற துணியால்கூட அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. வெட்டி முடித்த பாட்டுகளை வாசலில் ஸ்பீக்கர் கட்டி நாள் முழுக்க அலறவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம், பக்கத்து டெலிபோன் பூத்துக்கு மகன் போன் போட்டிருந்தான். பேசிவிட்டு அந்த அம்மா நேராகக் கடைக்குள் வந்து முதலாளி முன்னால் நின்றார்.

"யோவ், எம் புள்ள போன்ல அய்வுறான். பாட்டுல பொறா வருதாம், அவங்க நைனா வரலியாம்."

"அதே பாட்டுதாம்மா. கிளீன் பண்ணிக்கீது."

"இன்னாய்யா கிளீனு? செதிலு எடுக்கச் சொன்னா தலைய வெட்டிக் கடாசுவியா? உன் கொரலு மட்டும் நடுவுல கொயகொயன்னு வருதாமே, அத்த வெட்ல?"

"இத்த மட்டும் முழுசா தனியா போட்டுடறேன்" என்றேன்.

"சைட்டு என்னுது. பேரு வராது" என்று சொல்லிவிட்டுப் பல் குத்த ஆரம்பித்தார் முதலாளி.

அதற்குமேல் அந்த ஆளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டேப் ரெக்கார்டரின் ஒயரைப் பிடுங்கினேன். மேஜை டிராயரிலிருந்து அந்த அம்மாவின் கேசட்டை எடுத்தேன். என் பையையும் எடுத்துக்கொண்டேன்.

மகனைத் திரும்பக் கூப்பிடச் சொல்லியிருந்தார் அந்த அம்மா. பூத்துக்குள் இருவரும் நெருக்கியடித்து நின்றோம். அவர் மேலிருந்த மீன் வாடை அந்தக் கடையைவிடச் சுத்தமாகத்தான் இருந்தது. மணி அடித்தது. ரிசீவரை டேப் ரெக்கார்டரோடு சேர்த்துப் பிடித்தேன். மெட்டு எடுத்தது. பேர் வந்தது, தெரு வந்தது, மூட்டை வந்தது, புறா வந்தது. பாட்டு முடிந்ததும் அந்த அம்மா ரிசீவரை வாங்கினார்.

"கேக்குதாடா?"

"கேக்குதும்மா. இன்னொரு தபா போடு."

டேப்பைப் பின்னால் சுற்றினேன். சுற்றி முடிவதற்குள் முதலாளி கடை ஸ்பீக்கர் சத்தம் பூத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

"இன்னாமா அது, பின்னால?"

"அது கலீஜுடா. நீ இத்த கேளு."