ஒரு கோழிகூடச் சாகாத பண்ணைகள்

எங்கள் ஆன்சி மேடம் யாரையும் சுலபத்தில் நம்பமாட்டார். கடையில் வாங்கிய முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பையே பற்றவைப்பார். சேலத்தில் எங்கள் கல்லூரிக்கு வரும் வெளிநாட்டு முதுகலை மாணவர்கள் ஆய்வேடு எழுதத் துணைக்கு இவரைப் போய்ப் போட்டிருக்கிறார்கள். எழுதித் தரமாட்டார், எழுத வைப்பார். ஒரு வாக்கியம் நன்றாக வந்துவிட்டால் போதும், "இதை எங்கே சுட்டே?" என்று கேட்பார். பக்கத்து மேசைக்காரி எனக்கே எரிச்சலாக வரும்.

மலாவி நாட்டு மாணவன் சிசோமோ, கோடை வெயிலில் நாமக்கல் பண்ணைகளில் கோழிகள் சாவதைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தான். இரண்டு வருடத்தில் நம்மூர்த் தமிழே பேசப் பழகிவிட்டான். அவன் கொண்டுவந்த அத்தியாயத்தைப் படித்ததும் மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அவன் விசாரித்த எந்தப் பண்ணையிலும் ஒரு கோழிகூடச் சாகவில்லையாம்!

"டீக்கடையில உக்காந்து நீயே எழுதிட்டியா? உன் கைடுகிட்ட சொன்னேன்னா ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"ஒரு பண்ணைக்கு என்கூட வாங்க மேடம். அப்புறம் சொல்லுங்க," என்றான்.

வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன். மோகனூர்ப் பக்கம் அர்த்தநாரி என்பவரின் பண்ணை. கேட்டைப் பாதிதான் திறந்தார்.

"சாவுங்களா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஏனுங்க, நீங்க பேங்க்ல இருந்து வாரீங்களா?"

அவர் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் செத்த கோழிகளைத் தள்ளுவண்டியில் குவித்துக் குழிக்குக் கொண்டுபோனார். மேடம் கையை நீட்டிக் காட்டினார்.

அர்த்தநாரி குரலைத் தாழ்த்தினார். "வெயிலுக்குச் செத்தாலும் சீக்குன்னுதானுங்க பேசுவாங்க. அப்புறம் முட்டை எடுக்க எவன் வருவான்? நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க." கேட் சாத்திக்கொண்டது.

மேடம் சிசோமோவிடம் திரும்பினார். "பொய்யின்னு உனக்குத் தெரிஞ்சுதானே இருந்துச்சு? கண்ணால பார்த்ததை எழுதறதுக்கென்ன?"

"எல்லாரும் இல்லைங்கறப்ப, நான் மட்டும் பார்த்தேன்னு எழுதுனா நீங்க நம்பியிருப்பீங்களா மேடம்?"

எனக்குச் சங்கடமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. பஸ் ஸ்டாப் வந்ததும் மேடம் நின்றார்.

"நம்பியிருக்க மாட்டேன்," என்றார் கடைசியில். "இப்ப எழுது. அவர் பேரைப் போடாதே. என் பேரைப் போடு. கூட இருந்தேன், நானும் பார்த்தேன்னு எழுது."