ஷம்சுத்தீனைத் தேடிப் போனவர்

2023 மே 9. கப்பல் சம்பளக் கணக்கு முடித்து வந்தது: ரூ. 1,84,600
2023 ஜூன் 12. பதிவுத் தபால், மும்பைக்கு: ரூ. 30
2023 ஆகஸ்ட் 3. பதிவுத் தபால், மும்பைக்கு: ரூ. 30
2023 அக்டோபர் 19. தூத்துக்குடி போய்வர பஸ் கட்டணம்: ரூ. 1,360
2024 ஜனவரி 22. பதிவுத் தபால், மும்பைக்கு, கூடுதல் எடை: ரூ. 42

வரவு ஒன்று, செலவு நான்கு. கப்பலிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வந்து சேர்ந்த கலீல், ஒரே ஒரு காரியத்துக்காக ஒன்பதரை மாதம் விடாப்பிடியாக நின்ற கதை இந்த ஐந்து வரிக்குள் அடங்கியிருக்கிறது. கப்பலில் தீப்பிடித்தால் ஆள் கணக்கு எடுப்பதற்கென்று ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. எந்தப் பெயரைச் சொன்னால் ஒருவர் திரும்பிப் பார்ப்பாரோ அந்தப் பெயர்தான் அதில் இருக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். அது நடக்கும்வரை அந்தக் கம்பெனியின் கப்பலில் கால் வைப்பதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

கலீலுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் பிடித்து மாமல்லபுரம் போக வேண்டிய ஊரில் பிறந்தவர் கப்பலுக்குப் போனதே அவர் தெருவில் பெரிய பேச்சாக இருந்தது. அவருடைய அத்தா ஷம்சுத்தீன், தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஓரிக்கைப் பக்கத்துக் கழனிக்காரர்களும், ஊருக்குள் இருந்த சாயப்பட்டறைக்காரர்களும் எரிந்துபோன மோட்டார்களைக் கொண்டுவந்து அவரிடம்தான் போடுவார்கள். 'மோட்டார் ஷம்சுத்தீன்' என்றால்தான் ஊரில் தெரியும். கலீல் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நான்கு வருடம் அந்தக் கடையில் உட்கார்ந்தார். பிறகு சென்னையில் ஓர் ஏஜெண்டு மூலமாகக் கப்பலின் என்ஜின் அறையில் வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக மோட்டார்மேன் ஆனார். அத்தா 2014-இல் காலமானார்.

நம் பக்கத்தில் தகப்பன் பெயர் முதலெழுத்தோடு நின்றுவிடும். எஸ். கலீல் என்றால் முடிந்தது. பாஸ்போர்ட்டில் அப்படி விடமுடியாது; குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. எல்லோரையும் போல அவரும் அந்தக் கட்டத்தில் அத்தாவின் பெயரை முழுதாக எழுதிவைத்தார். ஐந்து கப்பல்களில் அதனால் ஒரு தொந்தரவும் வரவில்லை. விமான நிலையங்களில் மட்டும் 'மிஸ்டர் ஷம்சுத்தீன்' என்று கூப்பிடுவார்கள். அப்போதெல்லாம் அத்தா பக்கத்தில் வந்து நிற்பதுபோல் அவருக்குத் தோன்றும். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

ஆறாவது கப்பலில்தான் வந்தது வினை. டர்பன் துறைமுகத்தில் சமையல் உதவியாள் ஒருவர் இறங்கிப் போனார். ஆள் குறைந்ததால் மூன்றாம் அதிகாரி அந்த ஆள் கணக்குப் பட்டியலைப் புதிதாகத் தட்டெழுதினார். இருபத்துநான்கு வயதுப் பையன், முதல் உத்தியோகம். பாஸ்போர்ட் பார்த்து எழுதிய தாள் ஒன்று, அறைச் சாவி கொடுத்த தாள் ஒன்று, இரண்டையும் வைத்துக்கொண்டு சேர்த்தார். ஒரு தாளில் கலீல், மறு தாளில் ஷம்சுத்தீன். இருவர் என்று நினைத்து, தீப்பிடித்தால் நிற்க வேண்டிய குழுக்களில் கலீலை மேல்தளக் குழுவிலும் ஷம்சுத்தீனை என்ஜின் அறைக் குழுவிலும் போட்டுவிட்டார். இறங்கிப் போனவர் ஒருவர் குறைய, இல்லாதவர் ஒருவர் கூட, மொத்தம் பழையபடி இருபத்திரண்டாகவே வந்தது. இருபத்திரண்டு என்பது ஐந்து மாதமாக எல்லோர் வாயிலும் பழகிய எண். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அடுத்த தீ ஒத்திகைக்கு இன்னும் நாள் இருந்தது.

தீ முந்திக்கொண்டது. 2023 மார்ச் 14, பகல் உணவு முடிந்த நேரம். என்ஜினுக்குப் போகும் எரிபொருள் குழாயில் சின்னதாக ஒரு விரிசல். அதிலிருந்து பீய்ச்சியடித்த எண்ணெய், புகை வெளியேறும் சூடான குழாயின் மேல் பட்டுப் பற்றிக்கொண்டது. வேலையில் இருந்தவர்கள் மேலே ஓடிவந்துவிட்டார்கள்.

நடுக்கடலில் தீ என்றால் ஓடிப் போக இடமில்லை, உதவிக்கு வர ஆளும் இல்லை. முதலில் தீக்குச் சோறு போடுவதை நிறுத்த வேண்டும். எண்ணெய் வரும் வழியை வெளியிலிருந்தே அடைத்தார்கள். மின்விசிறிகளை நிறுத்தினார்கள். காற்று இறங்கும் மூடிகளை இழுத்துச் சாத்தினார்கள். அடுத்ததாக என்ஜின் அறைக்குள் கரியமில வாயுவைத் திறந்துவிட வேண்டும். அறை முழுக்க அது நிறைந்தால் தீ மூச்சுமுட்டிச் செத்துவிடும். உள்ளே மனிதன் இருந்தால் அவனுக்கும் அதே கதிதான். ஆகையால் ஆள் கணக்கு நேராகும்வரை எந்தக் கேப்டனும் அந்தக் கைப்பிடியைத் தொடமாட்டார்.

கலீலின் குழு மேல்தளத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்ஜின் அறையின் கூரையும் சுவர்களும் பழுத்துப் பக்கத்து அறைகளுக்குத் தீ தாவாதபடி வெளிப்புறம் தண்ணீர் அடிப்பது அவர்கள் பொறுப்பு. தோசைக்கல்லில் தெளித்ததுபோல் தண்ணீர் சீறி ஆவியாகப் போனது. அதையும் அளவு பார்த்துத்தான் அடிக்க வேண்டும். கண்டபடி அடித்துக் கப்பலுக்குள் தேங்கவிட்டால், தீயிடம் தப்பிய கப்பலைத் தண்ணீர் கவிழ்த்துவிடும். பெயர் வாசித்தபோது கலீல் "இருக்கேன் சார்" என்று குரல் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தார். இன்னொரு பக்கத்தில் ஷம்சுத்தீன் என்ற பெயருக்குப் பதில் குரல் வரவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

தேடுவதற்கு இறங்கியவர் தேவசகாயம். தளத்து மாலுமிகளுக்குத் தலைவர், தூத்துக்குடிக்காரர். என்ஜின் அறை ஆள் ஒருவரைக் காணவில்லை என்றுதான் அவரிடம் சொன்னார்கள். பெயரைச் சொல்ல நேரமில்லை. முதுகில் காற்றுச் சிலிண்டரும் முகத்தில் மூடியும் இடுப்பில் கயிறும் மாட்டிக்கொண்டு, கூட ஒரு மாலுமியோடு அவர் புகைக்குள் இறங்கினார். சிலிண்டரில் அரை மணி நேரத்துக்குத்தான் காற்று.

அதற்குள் ஒலிபெருக்கி கூப்பிட ஆரம்பித்தது: "மோட்டார்மேன் ஷம்சுத்தீன். மோட்டார்மேன் ஷம்சுத்தீன்."

ஆவிக்கும் இரைச்சலுக்கும் நடுவே கலீலின் காதில் அது மோட்டார் ஷம்சுத்தீன் என்றே விழுந்தது. மறுமை நாளில் ஒவ்வொருவரையும் தகப்பன் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவார்கள் என்று அவர் பள்ளிவாசல் பயானில் கேட்டிருக்கிறார். நேரம் வந்துவிட்டது, அத்தாவை முதலில் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, குழாயைப் பிடித்தபடியே கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார். "என்ஜின் அறைக் குழுவுக்கு வரவும்" என்று ஒலிபெருக்கி சேர்த்துச் சொன்ன பிறகுதான், மறுமைக்கு என்ஜின் அறை ஏது என்று அவருக்கு உறைத்தது. குழாயைப் பக்கத்து ஆளிடம் திணித்துவிட்டுக் கேப்டனிடம் ஓடினார்.

"சார், ஷம்சுத்தீன் என் ஃபாதர் சார்."

கேப்டன் வடக்கத்தியர். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உன் அப்பா இந்தக் கப்பலிலா இருக்கிறார்?"

"இல்ல சார், இறந்துட்டார் சார்."

"எப்போது? இப்போதா?"

பக்கத்தில் நின்ற மூன்றாம் அதிகாரிக்குத்தான் முதலில் புரிந்தது. பட்டியலில் இருந்த இரு பெயர்களின் மீதும் இரண்டு விரல்களை வைத்தார். "சார், இரண்டும் இவர்தான். உள்ளே யாரும் இல்லை."

தேவசகாயத்தைக் கம்பியில்லாக் கருவியில் கூப்பிட்டார்கள். இத்தனை இரும்புக்குள் அது எடுக்கவில்லை. கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்தார்கள். கூடப் போன மாலுமி முதலில் வெளியே வந்தார். தேவசகாயம் வரவில்லை. அடுத்து வந்த சில நிமிடங்களைப் பற்றிக் கலீல் பேசுவதில்லை. காற்று தீரப்போகிறது என்று சிலிண்டரின் விசில் அடிக்கும் ஓசை முதலில் கேட்டது. பிறகு தேவசகாயம் படியேறி வந்தார். ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. மறு கையில் ஒரு வேலை உடுப்பு. பட்டறை ஓரமாகத் தொங்கிய அதைப் புகையில் ஆள் என்று நினைத்துக் கட்டிப் பிடித்து இழுத்தபோது, சறுக்கிக் கம்பியில் மோதித் தோள்பட்டை நழுவிவிட்டது.

முகமூடியைக் கழற்றியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரு வே அந்தச் சம்சுத்தீன்?"

"எங்க அத்தா," என்றார் கலீல்.

"அவரு எங்க?"

"மௌத்தாயி ஒம்போது வருசம் ஆவுதுபா."

தேவசகாயம் இருமி முடித்தார். "இத நான் உள்ள எறங்கதுக்கு முன்னால சொல்லப்பிடாதா பாய்?"

கேப்டன் மறுபடி தலைகளை எண்ணினார். இருபத்தொன்று. கதவைப் பூட்டி வாயுவைத் திறந்துவிட்டார்கள். சாயங்காலம் தலைமை என்ஜினியர், கதவைத் திறந்து ஒரு பார்வை பார்க்கலாமா என்று கேட்டார். கேப்டன் இணங்கவில்லை. உள்ளே இரும்பு சூடாக இருக்கும்போது காற்றை விட்டால், செத்த தீ எழுந்து உட்காரும். மறுநாள் மாலை, சுவரில் உள்ளங்கையை வைத்து எடுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே ஆட்கள் இறங்கினார்கள். தீ இல்லை. இருபத்தொரு பேரும் அவரவர் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

கம்பெனியின் விசாரணை அறிக்கையில் குழாயைப் பற்றி ஏழு பக்கம் இருந்தது. பட்டியலைப் பற்றி ஒரு வரி இல்லை. கலீல் மின்னஞ்சல் அனுப்பினார். நன்றி என்று உடனே பதில் வந்தது.

அவர் மனைவி உம்முசல்மா ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. "அதான் பதில் வந்துக்குதே, இன்னா வேணும் உங்களுக்கு?" என்றார்.

"அது மெஷின் போட்ட நன்றிமா. ஒரு மனுசன் கையெழுத்துப் போட்டு வாங்கணும். நீ எழுதிக் குடு, நான் ரிஜிஸ்டர் பண்றேன்."

"அந்த மூணாம் ஆபீசர் பேரு?"

"அது வேணாம். சின்னப் பையன். அன்னிக்கே அழுதுட்டான்."

மும்பைத் தலைமை அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் போயிற்று. பெற்றுக்கொண்டதற்கான அட்டைகள் கையெழுத்தோடு திரும்பி வந்தன, பதில் வரவில்லை. ஆகஸ்டில் சென்னைக் கிளையிலிருந்து, சம்பளம் கூட்டித் தருகிறோம், புதுக் கப்பல் ஏறுங்கள் என்று போன் வந்தது. லிஸ்ட் மாறிவிட்டதா என்று கலீல் கேட்டார். அது வேறு டிபார்ட்மெண்ட் என்றார்கள். "அப்போ அந்த டிபார்ட்மெண்ட்டயே ஏறச் சொல்லுங்க சார்" என்று வைத்துவிட்டார்.

அந்த மாதங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. உம்முசல்மாவின் தம்பி தன்வீர், தீயணைப்பு சிலிண்டர்களுக்கு மருந்து நிரப்பித் தரும் கடை வைத்திருந்தார். கலீல் அங்கே போய் வேலை செய்தார். பட்டுக்கடைகள், கல்யாண மண்டபங்கள், ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனிகள் என்று அலைச்சல் உண்டு. வீட்டுச் சோறும் உண்டு. சந்தோஷமாகவே இருந்தார். மாணிக்கவாசகம் என்பவரின் பட்டுக்கடையில், சிவப்புச் சிலிண்டரை முகூர்த்தப் புடவை கட்டிய பொம்மைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார்கள்.

"செவப்பு எடுப்பா தெரியுது பாய். பொடவ பாக்க வர்றவங்க கண்ணு அதுமேல போவுது," என்றார் கடைக்காரர்.

"போவட்டும் சார். தீப் புடிச்சா பொடவ மேலயா போவும்?"

கடைக்காரர் சிரித்துவிட்டு, பொம்மையை நகர்த்தச் சொன்னார். ஆயுத பூஜைக்குப் போனபோது சிலிண்டர் வாசலோரமாக, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு நின்றது.

தன்வீர் ஒரு நாள் குறுக்குவழி சொன்னார். "மச்சான், பாஸ்போர்ட்ல அத்தா பேர எடுத்துட்டு ஒரே பேரா ஆக்கிடுங்க. பிராப்ளம் ஓவர்."

"என்னுது ஓவர். கப்பல்ல பாதிப் பேரு அப்பன் பேரத் தூக்கிக்கினு நிக்கிறானுங்களே, அவங்களுக்கு? அதுவுமில்லாம எங்க அத்தா பேரு என்னா பாவம் பண்ணிச்சு? நான் எடுக்கமாட்டேன்பா."

அக்டோபரில் தூத்துக்குடி போனார். தேவசகாயத்தின் தோள் நேராகியிருந்தது. வரும் மார்ச்சிலிருந்து கப்பல் ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே கம்பெனிதான்.

"லிஸ்ட் இன்னும் மாறலியே," என்றார் கலீல்.

"நீரு கப்பலுக்கு வராம இருந்தாலே போதும் பாய். நான் ஒருத்தரையும் தேட வேண்டாம்லா."

கலீலுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு கப்பல், இன்னொரு இல்லாத ஆள், இறங்குவது இதே மனிதர். அதை அவர் முகத்தில் பார்த்த தேவசகாயம் கேலியை நிறுத்திக்கொண்டார். "சரி, நான் என்ன செய்யணும் சொல்லும்."

புகைக்குள் நடந்ததை அவர் தம் கைப்பட மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார். சேதி கேள்விப்பட்ட மூன்றாம் அதிகாரி, யாரும் கேட்காமலே, தாம் எப்படிப் பிழை செய்தோம் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினார். உம்முசல்மா முன்கடிதம் எழுதினார். மூன்றாவது தபாலில் எடை கூடியது அதனால்தான்.

இதற்குப் பதில் வந்தது, ஒரு மனிதர் கையெழுத்தோடு. மார்ச் முதல் தேதியிலிருந்து கம்பெனியின் எல்லாக் கப்பல்களிலும் ஆள் பட்டியலில் கூப்பிடும் பெயரும் அறை எண்ணும் இருக்கும். யார் ஏறினாலும் இறங்கினாலும் அன்றே எல்லோரையும் நிறுத்தி ஒருமுறை வாய்விட்டு வாசிக்க வேண்டும். தலை எண்ணிக்கையைக் கேப்டன் தாமே சரிபார்க்க வேண்டும். சுற்றறிக்கையின் நகலும் கூடவே இருந்தது. உம்முசல்மா இரண்டு முறை படித்து, சந்துபொந்து ஏதும் இல்லை என்று தலையாட்டினார். கலீல் தூத்துக்குடிக்குப் போன் போட்டு, "இப்போ ஏறுங்க" என்றார். அடுத்து சென்னைக் கிளைக்குப் பேசி, பெருநாள் முடிந்து தாமும் வருவதாகச் சொன்னார்.

கடிதம் வந்த தேதி 2024 பிப்ரவரி 27, செவ்வாய்க்கிழமை.