பவுடர் தண்ணீர் குடித்த கொல்லை

மாசிக் கடைசியில் விதை போட்டேன். வீட்டுக்குப் பின்னால் ஐந்து பாத்தி. வெண்டை, கத்தரி, கொத்தவரை, சிறுகீரை. ஓரத்தில் பத்து மல்லிச் செடி, ஒரு வரிசை கனகாம்பரம். ஒரு சுரைக்கொடியைக் கூரைமேல் ஏற்றிவிட்டிருந்தேன். அவ்வளவுதான் எங்கள் தோட்டம். சர்க்கார் கொடுத்த மனை. அதற்கு முன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் சொந்த மண் இருந்ததில்லை.

நான் ஊரில் இருப்பதா, குவைத்துக்குப் போவதா என்பது அந்த வருஷம் அந்தக் கொல்லையில்தான் இருந்தது.

சாந்திபுரத்துக்கு அந்தப் பக்கம் மலையை அறுத்துக் கல்லாக வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அங்கே வேலை. தை மாதம் ஒரு கல் சரிந்து அவர் இடுப்பில் விழுந்தது. சித்தூர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தோம். உயிர் தங்கியது. கால் எழும்பவில்லை. ஒரு வருஷம் படுத்தே இருக்கவேண்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்களுக்கு ஒரே பெண். அவளுக்கு அப்போது ஐந்து வயது.

சேதி கேட்டுத் திருப்பதியிலிருந்து ஒரு அம்மா வந்தார். பொம்பளைகளைக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்புகிறவர். பேச்சில் தெலுங்கு கலந்து வரும்.

“சூடம்மா, இதப் பாரு, நல்ல வீடு. ரெண்டே பசங்க. ஏசி போட்ட ரூம்ல வேல. இங்க வெயில்ல காயறதுக்கு அது மேலு காதா?”

“கொழந்த கீதும்மா.”

“எல்லாருக்கும்தான் கொழந்த கீது. அதுக்குத்தானே போறது?”

“எனக்கு வயசு பத்தாதுன்னு சொல்றாங்களே.”

“நாலு கூட்டி எழுதிக்கலாம். உன் மூஞ்சியப் பாத்தா எவனும் சந்தேகப்பட மாட்டான், போ.”

சித்திரை முடிவதற்குள் போட்டோவோடு வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கல்லத்தான் கப்பல்ல ஏத்தினுகிறாங்க. இப்ப ஒன்னையுமா?”

“கப்பல் இல்ல மாமா. பிளேன்.”

“ஆங். அப்ப சரி.”

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் ஒரு கணக்குப் போட்டேன். ஆடியில் மழை பெய்தால் கடலைக்காட்டில் களையெடுக்கக் கூப்பிடுவார்கள். அதுவரை கொல்லை தாங்கினால் போதும். காய் வீட்டுக்கு ஆகும். பூவைக் கட்டிக் காலை பஸ்ஸில் குப்பம் டவுனுக்குக் கொண்டுபோய் விற்கலாம். பிள்ளையை விட்டுப் போகவேண்டியதில்லை.

தண்ணீர்தான் இல்லை. தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் நாலு குடம். எங்கள் வீட்டில் தண்ணீரை ஒருதரம் உபயோகித்துக் கொட்டுவது கிடையாது. அரிசி கழுவியது, பாத்திரம் கழுவியது, மூஞ்சி கழுவியது எல்லாம் செடிக்குத்தான். பாத்திரத்துக்குச் சாம்பலும் புளிச் சக்கையும். அவரைக் குளிப்பாட்டுவதுகூடக் கட்டிலைக் கத்தரிப் பாத்தி ஓரமாக இழுத்துப் போட்டுத்தான்.

“என் அழுக்கத் துன்னு வளர்ற கத்திரிக்காய எவன் வாங்குவான்?” என்பார்.

“யாருன்னு எழுதியா வைக்கப் போறேன்? வாங்குவாங்க.”

பங்குனியில் வெண்டை ஒரு சாண் வந்தது. கீரையை ஒருமுறை கிள்ளினேன். மல்லி தளிர்த்தது. ஆனால் வெயில் ஏறிவிட்டது. மத்தியானத்தில் இலைகள் தொங்கிப்போகும். ஒரு சொம்பு ஊற்றினால் அடுத்த செடிக்கு இல்லை.

அப்போது கல்குவாரி கேம்ப் சமையல்காரர் வந்தார். கேம்ப்பில் துணி துவைத்தவர் பெங்களூர் போய்விட்டாராம். பதினைந்து பேர் துணி. தினமும் டிராக்டரில் இரண்டு டிரம் தண்ணீர் அனுப்புவார்கள், சோப்புப் பவுடரும் அவர்களே கொடுப்பார்கள்.

கூலி என்ன என்று நான் கேட்கவே இல்லை. இரண்டு டிரம் தண்ணீர் என்பதுதான் காதில் விழுந்தது.

அன்றைக்கே துவைக்கிற கல்லைப் பெயர்த்துப் பாத்திகளின் தலைமாட்டில் போட்டேன். அங்கிருந்து ஐந்து பாத்திக்கும் மல்லிக்கும் வாய்க்கால் வெட்டினேன். துணியை அலச அலசத் தண்ணீர் ஓடிச் செடிக்குப் போகும். ஒரு சொட்டு வீணில்லை. என்னைவிடக் கெட்டிக்காரி யாரும் இல்லை என்று நினைத்தேன்.

முதல் பதினைந்து நாள் கொல்லை பார்க்க அப்படி இருந்தது. வெண்டை இலை உள்ளங்கையை மீறியது. கூரைமேல் மூன்று சுரைப்பிஞ்சு. மல்லி மொக்கு வைத்தது. பெண் காலையில் எழுந்ததும் போய் எண்ணிவிட்டு ஓடிவருவாள்.

“நைனா! இன்னிக்கி எம்பத்தி நாலு!”

“நேத்தி எண்ணினதயே சேத்து எண்ணினியா நீ?”

“நேத்தி மொக்கெல்லாம் அம்மா பறிச்சிடுச்சே!”

அவர் சிரித்தார். அடிபட்ட பிறகு அன்றைக்குத்தான் சிரித்துப் பார்த்தேன். “இன்னாமே, குவைத்து இங்கயே வந்துட்டாப்ல கீது?” என்றார்.

அந்த வாரமே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் திருப்பதிக்குப் போன் போட்டேன். நான் வரவில்லை, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன்.

“யோசிச்சுத்தான் சொல்றியா? அப்புறம் அடகவத்து,” என்றார் அந்த அம்மா. அப்புறம் வந்து கேட்காதே என்று அர்த்தம்.

“கேக்க மாட்டேம்மா.”

சித்திரை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். வெண்டை இலை ஓரம் பழுப்பானது. காகிதத்தின் ஓரத்தைத் தீயில் காட்டினதுபோல. வெயில் என்று நினைத்தேன். கூடத் தண்ணீர் விட்டால் சரியாகும் என்று கேம்ப்பில் போர்வை, திரைத்துணி எல்லாம் கேட்டு வாங்கி வந்து துவைத்தேன். மூன்று டிரம் வந்தது. மூன்றையும் விட்டேன். கத்தரியும் கருகியது. பாத்தியில் மேல்மண் வெள்ளையாக ஏடு கட்டியது. மிதித்தால் நொறுங்கியது.

கட்டிலிலிருந்து அவர்தான் சொன்னார். “மே, அந்த மண்ண எடுத்து நாக்குல வெச்சிப் பாரு.”

வைத்தேன். உப்பு. அதோடு சோப்பு வாடை.

நான் கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். பாத்திரம் கழுவிய தண்ணீர் செடிக்கு நல்லது என்று பிறந்ததுமுதல் பார்த்தவள். சாம்பல் தண்ணீரும் பவுடர் தண்ணீரும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மாதமாக என் கையாலேயே ஊட்டியிருக்கிறேன்.

“மின்னாடியே சொல்லக் கூடாதா மாமா?”

“எனக்கு மட்டும் தெரியுமா? இன்னிக்கித்தான் வெள்ளையாத் தெரிஞ்சிது.”

அடுத்த நாள் பவுடரை ஒதுக்கிவைத்துப் பூந்திக்கொட்டை ஊறவைத்துத் துவைத்தேன். கல் தூளும் மெஷின் எண்ணெயும் அதற்குப் போகுமா? சமையல்காரர் மூட்டையைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

“இன்னாக்கா இது? மேனேஜர் சட்டையில கறை அப்பிடியே கீது. என்னைப் புடிச்சித் திட்றாரு.”

“பவுடரு செடியச் சாவடிக்குதுண்ணா. வெறும் தண்ணி ஒரு டிரம் மட்டும் குடுங்களேன். வேற எது வேணாலும் செய்றேன்.”

“தண்ணி துணிக்கிக்கா. செடிக்கி இல்ல. எனக்கும் புள்ளகுட்டி கீது.”

துணி நின்றது. தண்ணீரும் நின்றது.

பக்கத்தில் பட்டுப்பூச்சிக்காக மல்பெரி வைத்திருந்தவரிடம் போய் நின்றேன். அவர் போர்வெல் மோட்டார் மூன்று மணி நேரத்துக்குமேல் ஓடவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் கையை விரித்தார். குழாய்த் தண்ணீர் நாலு குடத்தில் மூன்றை மல்லிக்கு ஊற்றினேன், உப்புக் கீழே இறங்கட்டும் என்று. மிச்சம் ஒரு குடத்தில் மூன்று பேர் இரண்டு நாள். பெண் சொம்பை எடுக்கும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது நாள் நான் சொல்லாமலேயே பாதிச் சொம்போடு நிறுத்திக்கொண்டாள். அதற்கப்புறம் நான் செடிக்கு ஊற்றவில்லை.

சுரைப்பிஞ்சு கறுத்து விழுந்தது. கீரைப் பாத்தி ஒரே நாளில் படுத்தது. மல்லி மொக்கு மலராமல் உதிர்ந்தது. கூட்டிப் பெருக்கினால் ஒரு முறம் இருந்தது.

சித்திரை முடிய ஆறு நாள் இருக்கும்போது முதல் பஸ் பிடித்துத் திருப்பதி போனேன். போகிற வழியில் போட்டோ பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா வாசலிலேயே நிறுத்திவைத்தார்.

“ரானு, வரமாட்டேன்னு சொன்னவதானே நீ? ஏமி, தோட்டம் வித்துட்டியா?”

“தோட்டம் போச்சும்மா.”

“அந்த வீட்டுக்கு வேற ஆளு போயாச்சு. இப்ப கீறது வேற வீடு. ஆறு பசங்க. ஒரு கெழவி படுக்கைல. ஏசி கீசின்னு கேக்காத.”

“கேக்க மாட்டேம்மா.”

“ரெண்டு வருஷம் திரும்பி வர முடியாது.”

“சரிம்மா.”

போட்டோவையும் பாஸ்போர்ட்டுக்கு ரேஷன் கார்டையும் வாங்கி ஒருதரம் பார்த்தார். உள்ளே வரச்சொன்னார். காகிதத்தில் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வயசு என்ன எழுதினார்கள் என்று படித்துப் பார்க்கவில்லை.

வீடு வந்து சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கட்டில் காலியாகக் கிடந்தது. கொல்லைக்கு ஓடினேன். அவர் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். கையில் கொட்டாங்குச்சி. மல்லி அடியில் வெள்ளை மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முழங்கை ரெண்டும் தோல் வழன்றிருந்தது.

“யாரு எறக்கி வுட்டது?”

“நானேதான்.”

“நைனா பாம்பு மாரி வந்துச்சும்மா,” என்றாள் பெண்.

“மேலாப்புல ரெண்டு வெரக்கட மண்ண வழிச்சிட்டா வேரு பொழைக்கும்மே,” என்றார். ஒரு குச்சியை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே பச்சையாக இருந்தது. “பாரு. ஆறு செடி இப்பிடிக் கீது. வெண்டக்காதான் போச்சு. மல்லி போவல. மழ வர வரிக்கும் நின்னுக்கும்.”

அவர் என் கையைப் பார்த்தார். பை இருந்தது. காலையில் கொண்டுபோன ரேஷன் கார்டு இல்லை.

“குடுத்துட்டியா?”

“குடுத்துட்டேன்.”

கொட்டாங்குச்சி கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடி சுரண்டினார்.

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு செடிக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். இருட்டும்வரை இரண்டு பேரும் வழித்தோம். குழந்தை அந்த மண்ணை முறத்தில் வாரிக்கொண்டுபோய்த் தெருவில் கொட்டிவிட்டு வந்தது.