கிளிட்மொல்லரில் மச்சாளின் படம்

1985 ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை கிளிட்மொல்லர் என்ற டேனிஷ் கடற்கரைக்குப் போய்வந்தேன். கடல் பார்க்கப் போவதாக வீட்டில் சொன்னேன். போனது என் அவரின் தங்கை பிலோமினாவின் படத்தைப் பார்க்க. அலையில் சறுக்கும் பலகை செய்கிற யென்ஸ் என்பவர், அந்த வசந்தத்தில் அவளைச் சீலையோடு நிறுத்தி விளம்பரத்துக்குப் படம் பிடித்திருந்தார். அதிலிருந்து மாதாந்தத் தமிழ்ப் பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போதெல்லாம் அந்தக் கதைதான். எனக்கும் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் இருக்கின்றன. என்னை ஒருவரும் கேட்கவில்லை.

நாங்கள் இருக்கும் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து காலை ரயிலில் ஸ்த்ரூவ போனேன். பிலோமினா ஸ்கீவவிலிருந்து அங்கே வந்து சேர்ந்தாள், உதடு சிவக்கச் சொண்டுச் சாயத்தோடு. தீஸ்டெட்டுக்கு ஒன்றேகால் மணித்தியாலம். வழி முழுக்கச் செபமாலை சொன்னேன். இந்தப் பொறாமையை எடுத்துவிடும் தாயே என்று ஒவ்வொரு தரிப்பிலும் கேட்டேன். ஆட்கள் இறங்கினார்கள், அது இறங்கவில்லை.

அங்கிருந்து பஸ், அரை மணித்தியாலம். குளிக்கவா போகிறீர்கள் என்று சாரதி கேட்க, இல்லை, என் படம் அங்கே தொங்குகிறது என்றாள் பிலோமினா டேனிஷில்.

“சாரதிக்கும் சொல்ல வேணுமோ?”

“கேட்டவர், சொன்னன். உங்கட முகம் ஏன் மச்சாள் புளிச்சுப்போய்க் கிடக்கு?”

“காத்து” என்றேன். பஸ் யன்னல் எல்லாம் பூட்டித்தான் இருந்தது.

யென்ஸின் பட்டறை மணல்மேட்டுக்குப் பின்னால். சுவர் நிறையப் பழைய விளம்பரங்களை வருட வரிசையில் ஒட்டியிருக்கிறார். முதலில் ஹவாய்ப் பக்கத்துப் படங்கள். வெயில், கார், சிரிக்கிற பெண்பிள்ளைகள். பின்னுக்கு வள்ளம் மாதிரி நீளப் பலகை. போகப் போகப் பலகை கட்டையாகிறது, ஆட்களும் சின்னனாகிறார்கள். கடைசியில் ஒஸ்ரேலியாக்காரர் மீன் செட்டை போல மூன்றை அடியில் பூட்டிய பலகை. அந்தப் படத்தில் ஆளே இல்லை. யென்ஸ் ஐந்து செட்டை பூட்டிப் பார்க்கிறாராம். பிழைத்துப்போன பலகைகளையும் பின்னறையில் வைத்திருக்கிறார். வால் பிளந்தது ஒன்று, தேன்கூடு போல ஓட்டை போட்டது ஒன்று.

“உங்கள் படம்” என்று யென்ஸ் கடைசித் தாளைக் காட்டினார்.

ஐந்து செட்டை பெரிதாகத் தெரிந்தது. ஓரத்தில் பலகையைப் பிடித்த ஒரு கை. மணிக்கட்டுக்குக் கீழே ஒரு முழச் சீலை, மயில்பச்சையில் அரக்குக் கரை. முகம் இல்லை. செட்டையை விற்கும்போது முகம் எதற்கு என்றார் யென்ஸ், நல்ல மனதோடு.

அது என் சீலை. ஞானஸ்நானத்துக்கென்று இரவல் வாங்கிப் போனவள்.

“முகத்தை வெட்டுவினம் எண்டு எனக்குத் தெரியாது மச்சாள்” என்றாள். ஸ்த்ரூவ திரும்பி வரும்போது சொண்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டிருந்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: ஓகஸ்டிலும் கம்பளிச் சட்டை வேண்டும். கடையில் சொசேஜ் மட்டும்தான், சோறு கட்டிப் போங்கள். திரும்பும் பஸ்ஸை முதலே கேட்டு வையுங்கள். பின்னறையைக் காட்டச் சொல்லுங்கள், யென்ஸ் சந்தோசப்படுவார்.

அடுத்த பூசையில் பெண்கள் என்னைச் சுற்றி வந்தார்கள். “படம் எப்பிடி அக்கா?” பிலோமினா கோப்பிக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை மாதமாக நான் காத்திருந்த கேள்வி.

“சீலை நல்ல வடிவு” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அன்றே சீலையைத் திருப்பித் தந்தாள். மடிப்புக்குள் இன்னும் மணல். இப்போது அலுமாரியைத் திறந்தால் அந்தச் சீலையைப் பார்த்துத்தான் எனக்கு எரிகிறது. அதுவாவது விளம்பரத்தில் வந்துவிட்டது.