பின்சீற்றில் பிடித்த மஞ்சள்

சுகந்தினிக்கு அன்று வந்த கோபத்தில் கார்க் கதவு கழன்று விழாமல் தப்பியதே பெரிய காரியம். ஓங்கி அடித்துச் சாத்தினாள். சாத்திய கையோடு, மனம் கேட்காமல் திரும்பத் திறந்து பார்த்தாள். பார்க்காமல் விட்டால் மட்டும் போய்விடுமா? அப்படியேதான் இருந்தது. பால் நிறத் தோல் சீற்றின் நடுவில், ஒரு தாம்பாளம் அளவுக்கு, கண்ணைக் குத்தும் மஞ்சள்.

"அம்மாளாச்சி, உனக்கு வேற கார் கிடைக்கேல்லையே?" என்று வாய்விட்டே கேட்டாள்.

கேட்டதில் நியாயம் இருந்தது. திங்கள் இரவு வற்றாப்பளை அம்மன் கோயிலில் பொங்கல். மல்லாவியிலிருந்து சிவனேஸ்வரி என்ற அம்மாவையும் வீட்டுக்காரர் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போய், செவ்வாய் காலை கூட்டிவந்தாள். அந்த அம்மாவுக்கு ஒரு நேர்த்தி. மகனுடைய ஒப்பரேசன் நல்லபடி முடிந்ததற்கு, வெள்ளைச் சேலையை மஞ்சளில் தோய்த்துக் கட்டி, தலை முழுகி, ஈரத்தோடு கும்பிட்டு, அந்தச் சேலையை மாற்றாமலே வீடு வந்து சேருவேன் என்று வைத்த நேர்த்தி. சுகந்தினி முன்யோசனையாகத் துவாய் விரித்துத்தான் இருத்தினாள். ஒட்டுசுட்டான் தாண்டுவதற்குள் துவாய் சுருண்டு அந்த அம்மாவின் காலடிக்குப் போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தாள். அம்மன் வாசலிலிருந்து வருகிற மனுசியிடம், கொஞ்சம் எழும்புங்கோ சீற் பழுதாகுது என்று எந்த வாயால் சொல்வது? மல்லாவி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

மற்ற நாளாக இருந்தால் இவ்வளவு கொதித்திருக்க மாட்டாள். வியாழக்கிழமை கல்யாணம். கல்யாணப் பொம்பிளை ஏறப்போவது இந்தக் காரில், இந்தச் சீற்றில்.

சுகந்தினிக்கு முப்பத்தெட்டு வயது. மல்லாவியில் கார்க்கார அக்கா என்றால் சந்தையில் நிற்கிற யாரும் அவள் வீட்டுக்கு வழி சொல்வார்கள். கார், கணவன் திலீபன் வாடகை ஹயருக்கு ஓடியது. தோல் சீற் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று போட்டவனும் அவன்தான். வயலுக்குள் இறங்கி எலிக்காய்ச்சல் வந்து ஏழு நாளில் அவன் போய்ச் சேர்ந்தபோது, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் காரை வித்துப்போடு என்றார்கள். அவள் விற்கவில்லை. ஓடப் பழகினாள். லைசென்ஸ் எடுக்கப் போய் முதல் தடவை பெயில், இரண்டாம் தடவை பாஸ். நாலு வருடமாக அந்தக் கார்தான் அவளுக்கும் மகளுக்கும் சோறு போடுகிறது.

ஆஸ்பத்திரி, வங்கி, அரசாங்கக் கச்சேரி, செத்த வீடு, அந்தியேட்டி, எல்லாவற்றுக்கும் அவளைக் கூப்பிடுவார்கள். வலி எடுத்த பிள்ளைத்தாச்சியைக் கொட்டுகிற மழைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க அவள் வேண்டும். ஆனால் கல்யாணம், சாமத்திய வீடு, குடிபுகுதல் என்று வந்துவிட்டால் ஒருவருக்கும் அவளுடைய நம்பர் ஞாபகத்தில் இருக்காது. ஏன் என்று அவள் கேட்டதில்லை. கேட்க என்ன கிடக்கிறது, புருசனை இழந்தவள் என்று ஊருக்கே தெரியும்.

அப்படிப்பட்ட ஊரில்தான் சிவதர்சினி கேட்டாள். மல்லாவி ஆஸ்பத்திரியில் நேர்ஸ். இரவு வேலை முடிகிற நாட்களில் விடியவே அவளை வீட்டில் கொண்டுபோய் விடுவது இரண்டு வருடமாகச் சுகந்தினிதான்.

"அக்கா, என்ர கல்யாணத்துக்கு என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறது நீங்கள்தான். வேற ஆற்றையும் காரில நான் ஏற மாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்."

சுகந்தினி பெரிதாக ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், பாப்பம் பிள்ளை என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வந்து குசினிக்குள் நின்று அழுதாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு நல்ல காரியத்துக்கு அவளை ஒரு ஆள் கேட்டிருக்கிறது!

அந்தக் காரில்தான் இப்போது இந்தக் கூத்து.

செவ்வாய் மத்தியானம் உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தைத் தண்ணீரில் கரைத்து, துணியால் ஒரு தேய் தேய்த்தாள். கண்ணுக்கு முன்னாலேயே மஞ்சள் சிவப்பாகியது. இலேசான சிவப்பு இல்லை, யாரையோ வெட்டிச் சாய்த்த மாதிரியான சிவப்பு. ஐயோ என்று கத்தியே விட்டாள். பிறகுதான் மண்டையில் உறைத்தது. மஞ்சளுக்குச் சுண்ணாம்பு போட்டு எத்தனை வீட்டுக்கு ஆலாத்தி கரைத்துக் கொடுத்திருப்பாள், திலீபன் இருந்த காலத்தில்! சவுக்காரமும் சுண்ணாம்பு செய்கிற வேலையைத்தான் செய்யும் என்று தெரியாமல் போயிற்றே. தலையில் அடித்துக்கொண்டாள்.

தேசிக்காய் வெட்டிப் பிழிந்தாள். சிவப்பு இறங்கித் திரும்பவும் மஞ்சளில் வந்து நின்றது. நல்லது, தொடங்கிய இடத்துக்கே வந்தாயிற்று. முழங்கால் நோவும் கையில் தேசிக்காய் எரிவும்தான் கண்ட மிச்சம்.

வாகனம் கழுவுகிற இடம் வைத்திருக்கும் பாலனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவன் ஒரு விரலால் சீற்றைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"இது ஊத்தை இல்லையக்கா, சாயம். தோலில ஊறிட்டுது. சீற்றை மாத்திறதுதான் வழி. இல்லாட்டி மேல ஒரு கவரைப் போட்டு மறையுங்கோ."

"கல்யாணக் காருக்குக் கவரோ? பொம்பிளை கூறையோட வழுக்கிக்கொண்டு கீழ போகவோ?"

"அப்ப அந்த மனுசியை ஏத்த முதல் யோசிச்சிருக்க வேணும்."

"நீ பெரிய ஆள். நீயெண்டால் அம்மன்ர நேர்த்திக்காரியை வற்றாப்பளையில இறக்கி விட்டிட்டு வந்திருப்பாய் என்ன!" என்று அவனுக்கும் நாலு பேச்சு விழுந்தது. பாவம், அவன் என்ன செய்வான்.

பின்னேரம் திரும்புகையில் சிவதர்சினி போன் எடுத்தாள். குரலைக் கேட்ட உடனேயே, "என்னக்கா, ஒரு மாதிரிக் கிடக்கிறியள்?" என்றாள். மறைக்கத் தெரியாது சுகந்தினிக்கு. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பொம்பிளை சிரித்தாள்.

"இதுக்கே இவ்வளவு? பாமசியில ஸ்பிறிற் வாங்கிப் பஞ்சில நனைச்சு ஒத்தி ஒத்தி எடுங்கோ. தேய்க்கப்படாது. முதல் ஒரு மூலையில வைச்சுப் பாருங்கோ, சில நேரம் சீற்றின்ர நிறத்தையும் சேத்துக் கழட்டிப்போடும்."

புதன் விடியவே தொடங்கினாள். சீற்றின் அடிப்பக்கத்தில் ஒத்திப் பார்த்தாள், நிறம் கழலவில்லை. பிறகு கறையின் ஓரத்திலிருந்து உள்ளுக்கு. ஒரு ஒத்தல், பஞ்சு மஞ்சள். எறி. புதுப் பஞ்சு, ஒத்தல், எறி. ஸ்பிறிற் மணம் தலைக்குள் ஏறிக் கிறுகிறுத்தது. விரல் நுனி வெளிறிச் சுருங்கியது. ஒரு மணித்தியாலம் ஒத்திய பிறகும் பார்த்தால் பாதிதான் போயிருந்தது. பஞ்சுப் பொதியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். "கிடந்து போ! எனக்கும் கல்யாணக் காருக்கும் சரிவராது" என்றாள். ஒரு தேத்தண்ணி குடித்தாள். பிறகு எழும்பிப்போய் எறிந்த பஞ்சைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். விடுகிற ஆளா அவள்?

மிச்சமிருந்த நிழல் போன்ற மஞ்சளை வெயிலிடம் விட்டாள். மஞ்சளுக்கு வெயில் ஆகாது, அது எல்லோருக்கும் தெரிந்தது. கதவுகளைத் திறந்து, பின்சீற்றில் நேரே வெயில் படுகிற மாதிரி காரைத் திருப்பி விட்டாள். சூரியன் நகர நகரக் காரையும் நகர்த்தினாள். தோல் காய்ந்து வெடித்துவிடும் என்ற பயத்தில் அரை மணிக்கொரு தரம் ஈரத்துணியால் துடைத்தாள். அன்று வந்த மூன்று ஹயரையும் ஏலாது என்று விட்டாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சோறு இருந்தது, கறி இல்லை.

நாலு மணிக்குத் தோலுக்குப் பூசுகிற கிறீமைத் தடவித் துடைத்துவிட்டு, இந்தப் பக்கம் நின்று பார்த்தாள், அந்தப் பக்கம் நின்று பார்த்தாள், குனிந்து பார்த்தாள். பால் நிறம். முழுக்கப் பால் நிறம். இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

ஐந்து மணிபோல ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. சிவதர்சினியின் தாய் கமலாசனி. ஓட்டி வந்தவன் அவவுடைய தமையனின் மகன் கிருசாந்தன். கமலாசனி நேரே போய்க் கார்க் கதவைத் திறந்து, சீற்றைக் கையால் தடவிப் பார்த்தா.

"ஏதோ பழுதெண்டு தர்சினி சொன்னவள். ஒண்டையும் காணேல்லையே. வடிவாய்க் கிடக்குது பிள்ளை."

"ரெண்டு நாள் நாரி முறிஞ்சது அன்ரி" என்றாள் சுகந்தினி, பல் தெரிய.

"அப்ப கார்த் திறப்பைத் தாரும். கிருசாந்தன் இப்பவே கொண்டு போகட்டும்."

"ஏன் அன்ரி? விடிய நானே கொண்டு வாறன்."

கமலாசனி கார்க் கதவை மெல்லச் சாத்தினா. "இல்லைப் பிள்ளை. கார் மட்டும் காணும். ஓடுறதுக்கு இவன் நிக்கிறான்."

சுகந்தினிக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் கேட்டாள்.

"நான் ஓடினால் என்ன?"

"உமக்குத் தெரியாததே? நான் ஒண்டும் பாக்கிற ஆளில்லை. மாப்பிளை வீட்டார் ஒரு மாதிரிச் சனம். பொம்பிளை வெளிக்கிடேக்க முதல் முழிக்கிற முகம், முழிவியளம் எண்டு ஒண்டு இருக்கெல்லே. நாளைக்கு ஏதும் நடந்தால் உம்மைத்தான் சொல்லுவினம். உமக்காகத்தான் சொல்லுறன்."

"ரெண்டு வருசமா விடியக் காலமை உங்கட மகள் முழிச்சது ஆற்ற முகத்தில அன்ரி? அப்ப முழிவியளம் பாக்கேல்லையோ?"

"அது வேலை, பிள்ளை. இது கல்யாணம். அவள் உம்மட கார்தான் வேணுமெண்டு ஒரே பிடிவாதம். காரை எடுத்துக் குடுத்தால் அவளும் அடங்கிடுவாள், ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை."

ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லையாம்! இந்த மனுசி ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருக்கலாம். இவ்வளவு அன்பாகச் சொன்னால் எங்கே போய் முட்டுவது? கிருசாந்தன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். திறப்பு அவளுடைய கைக்குள்தான் இருந்தது.

"காரைத் தனியத் தரமாட்டன் அன்ரி. நான் ஓடினால் கார் வரும்."

"அப்ப நான் வேற வாகனம் பாக்கிறன். பிறகு என்னைக் குறை சொல்லாதேயும்."

ஸ்கூட்டர் போய்விட்டது. சுகந்தினி முற்றத்திலேயே குந்திவிட்டாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தேசிக்காயும் ஸ்பிறிற்றும் வெயிலும் என்று இரண்டு நாளாய் அவள் பட்ட பாடெல்லாம், கிருசாந்தன் ஏறி ஓடுவதற்கா?

போன் அடித்தது. சிவதர்சினி.

"அக்கா, மஞ்சள் போச்சுதே?"

"போச்சுது."

"பாத்தியளே, நான் சொன்னனானெல்லே! அம்மா வந்தவவே? காரைப் பாத்திட்டு வாறன் எண்டுதான் வெளிக்கிட்டவ."

சொல்லிவிடலாம். ஒரு சொல் போதும், அந்த வீட்டில் இன்றிரவு சண்டை நடக்கும். கல்யாணத்துக்கு முதல் நாள் பிள்ளை அழுதுகொண்டு படுக்கும்.

"வந்தவ. சீற் வடிவாய்க் கிடக்குதெண்டு சொன்னவ."

"அப்ப விடிய ஆறு மணிக்கு வருவியள்தானே? நீங்கள் வராமல் நான் வெளிக்கிட மாட்டன், சொல்லிப்போட்டன்."

சுகந்தினி எழும்பி நின்றாள்.

"ஆறுக்கில்லைப் பிள்ளை. அஞ்சரைக்கே உங்கட வாசலில நிப்பன். நான்தான் ஓடிக்கொண்டு வருவன்."

போனை வைத்தாள். இறங்கு என்று சொல்லுகிறவர்கள் அந்த வாசலில், மகளுக்கு முன்னால், சனத்துக்கு முன்னால் வந்து சொல்லட்டும். ஸ்கூட்டரில் வந்து காதுக்குள் சொல்கிற வேலை வேண்டாம்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் சந்தையடிப் பூக்கடைக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, விடிய ஒரு காருக்குப் பூ வேணும். முன்னுக்குப் பெரிய மாலை, கதவு நாலுக்கும் சரம். ஓம், கல்யாணக் கார்தான். டிறைவரோ? நான்தான்."