தெரியாத ஏரியில் தூண்டில்

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்குக் கம்பெனி வேலைக்கு வந்தவன் நான். அறையில் இருக்கும் மற்றவர்களுக்கு வேறு ஷிப்ட். வார லீவில் பேச ஆள் இல்லாமல், தூண்டிலோடு வல்லக்கோட்டைப் பக்கம் ஓர் ஏரிக்குப் போனேன்.

தூண்டில் முள் எதிலோ மாட்டிக்கொண்டது. எங்கள் ஊர்க் குளத்தில் செய்வதுபோல எடுக்க இறங்கினேன். முழங்கால் அளவு தண்ணீர்தான். அடுத்த அடியில் கழுத்துவரை போய்விட்டேன். பின்னால் இருந்த கோரையைப் பிடித்து எப்படியோ கரையேறினேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா ஓடிவந்தார். "இன்னா தம்பி, யாரையும் கேக்காம எறங்கிடுவியா? கம்பெனி கட்ட மண்ணு அள்ளின பள்ளம் கீது அங்க! பெத்தவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

சூப்பர்வைசர் தினமும் திட்டுவார். இங்கே வந்தபின் எனக்காகப் பதறி ஒருவர் திட்டியது அன்றுதான்.

இப்போது கரையில் இருப்பவரிடம் ஆழம் கேட்டபிறகே தூண்டில் போடுகிறேன். தெரிந்த ஏரியிலும் கேட்கிறேன்.