கான் மீன்

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் பதினான்கு வீடுகள். கண்டியில், பேராதனை வீதியிலிருந்து மேலே ஏறும் ஒரு குறுக்கு வீதியில், சரிவை வெட்டி எழுப்பிய ஐந்து மாடி. உள்ளே நுழைந்ததும் ஒரு கூடம். அதில் தபால் பெட்டிகள், செக்யூரிட்டியின் மேசை, சுவரோரமாக நான்கடி நீளத்தில் ஒரு மீன்தொட்டி. கட்டடத்தைக் கட்டியவர் வீடுகளை விற்கும் காலத்தில் அழகுக்காக வைத்தது. வீடுகள் விற்று முடிந்ததும் அவர் போய்விட்டார். தொட்டி எல்லோருக்கும் சொந்தமானது. எல்லோருக்கும் சொந்தமான பொருளை எங்கள் ஆட்கள் எப்படி வைத்திருப்பார்கள் என்று அறிய விரும்புகிறவர்கள் அந்தத் தொட்டியை வந்து பார்த்திருக்கலாம்.

நான் குடிவந்தபோது அதில் ஏழெட்டு மீன்கள் இருந்தன. பிள்ளைகள் பிஸ்கட் போட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துத் தகப்பன்மாரும் போட்டார்கள். படித்த, உத்தியோகத்தில் இருக்கிற ஒரு மனிதர் மிஞ்சிய சோற்றைக் கொண்டுவந்து கொட்டியதை என் கண்ணாலேயே கண்டேன். கேட்டதற்கு, "பாவம், பசிக்கும்" என்றார். ஒரு வருடத்தில் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. தண்ணீர் பச்சையாகி, பிறகு கறுத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாமல் போனது. மூடியின் மேல் விளம்பரத் தாள்களையும் உடைந்த குடைகளையும் வைக்கத் தொடங்கினார்கள். இப்படியே மூன்று வருடம். நானும் காலையில் வேலைக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் அதைக் கடந்துதான் நடந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு தலைவர் இருக்கிறார். பெரிய அரசாங்கப் பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத்துக்காரர், நான்காம் மாடியில் இருக்கிறார். அவரை எல்லோரும் 'ஐயா' என்றுதான் அழைக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். அவருடைய மகளுக்குக் கல்யாணம் பேசி, கனடாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அந்தச் செய்தி வந்த அடுத்த ஞாயிறே கூடத்தில் கூட்டம் போட்டார்.

"கட்டிடத்தின்ர மரியாதை எண்டு ஒண்டு இருக்கு. வாசலில ஒரு சாக்கடையை வச்சிருக்கிறம். பார்க்கிற சனம் என்ன நினைக்கும்?" என்றார்.

மூன்று வருடமாகப் பார்த்த சனம் நாங்கள்தான். எங்கள் நினைப்பு கணக்கில் வரவில்லை போலும்.

அடுத்த பேச்சு, என்ன மீன் போடுவது என்பது. தொட்டியை யார் கழுவுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாம் மாடியில் இருக்கும் டியூஷன் மாஸ்டர் எழுந்தார். எதைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து உண்டு, அதை வகுப்பெடுக்கும் குரலில்தான் சொல்வார்.

"அரவானா போடுவோம் ஐயா. வாசலுக்கு நேரா அரவானா நின்னா கட்டடத்துக்கே யோகம். கொழும்புல பெரிய பெரிய ஹோட்டல்ல எல்லாம் வச்சிருக்காங்க."

நான் வேலை செய்யும் மருந்துக்கடையில், வருகிறவர்கள் காத்திருக்கும் இடத்தில், இரண்டடித் தொட்டி ஒன்று இருக்கிறது. பதினொரு வருடமாக அதைப் பார்ப்பது நான். அதனால் வாயைத் திறந்தேன்.

"அரவானா இந்தத் தொட்டிக்குச் சரிவராதுங்க. ரெண்டு மூணு அடி வளரும். திரும்பக்கூட இடமிருக்காது."

"அப்ப கோல்ட் ஃபிஷ்?"

"அது அழுக்கு கூடப் போடுற மீன். வாராவாரம் பாதித் தண்ணி மாத்தணும். யார் மாத்துவீங்க?"

ஒருவர் கைத்தொலைபேசியைப் பார்த்தார். ஒருவர் கூரையைப் பார்த்தார்.

"கப்பி, பிளேட்டி, சீப்ரா மாதிரிச் சின்ன மீன் போடலாம்," என்றேன். "கண்டிக் குளிருக்குத் தாங்கும், தண்ணிய சூடாக்க வேண்டியதில்ல. ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி போதும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கொஞ்சம் தண்ணி மாத்தினாச் சரி."

"கப்பியா?" டியூஷன் மாஸ்டர் சிரித்தார். "மிஸ், அது கான்ல கிடக்கிற மீன்!"

கூடமே சிரித்தது. வீதியோரச் சாக்கடைக் கான்களில், நுளம்பு பெருகாமல் அதன் குடம்பிகளைத் தின்பதற்காக விடுகிற மீன் அதுதான், உண்மை. கானிலேயே உயிர் வாழ்கிற மீன் என்பதால்தான் இந்தப் பதினான்கு குடும்பங்களிடமும் அது தப்பிப் பிழைக்கும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லியிருந்தாலும் அவர்களுக்கு உறைத்திருக்காது.

தலைவர் கையைக் காட்டிச் சிரிப்பை நிறுத்தினார். "சரி, தெரிஞ்ச ஆள் செய்யட்டும். பிள்ளை, நீங்களே பொறுப்பெடுங்கோ. ஆனா வடிவா இருக்கவேணும், ஓமோ?"

கூட்டம் முடிந்தது. பதின்மூன்று வீட்டார் நிம்மதியாகப் படியேறினார்கள்.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று தொட்டியைக் காலி செய்தேன். செக்யூரிட்டி, ஒரு சிங்கள மனிதர், கேட்காமலேயே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உதவிக்கு வந்தார். குழாய் போட்டுத் தண்ணீரை இறக்க இறக்க, அடியிலிருந்து ஒவ்வொன்றாக வெளிப்பட்டது: பேனா மூடிகள், சூயிங்கம், ஒரு சாவி, பாதி கரைந்த மாத்திரை அட்டை, சவர்க்காரத் துண்டு. சவர்க்காரத்தை எந்த யோசனையில் போட்டார்கள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. நாற்றம் தாங்காமல் கீழ்வீட்டுக்காரி கதவைத் திறந்து, "இன்னைக்குத்தானா செய்யணும்?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டாள்.

தண்ணீர் ஒரு சாண் ஆழத்துக்கு வந்தபோது சேறு அசைந்தது. செக்யூரிட்டி பின்னால் துள்ளினார். ஒரு டேங்க் கிளீனர். கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் அந்தக் கறுப்பு மீன், சின்னதாக வாங்கி விட்டிருப்பார்கள். இப்போது என் முழங்கை நீளம் இருந்தது. இத்தனை அழுக்குக்குள், வெளிச்சமே இல்லாமல், மூன்று வருடமாக உயிரோடு கிடந்திருக்கிறது. எங்கள் ஒருவருக்கும் தெரியாது. ஈரச் சாக்கால் மூடிப் பெரிய வாளிக்கு மாற்றினேன்.

தலைவர் அந்த நேரம் கீழே வந்து எட்டிப் பார்த்தார்.

"சீ, என்ன அசிங்கம்! இதைக் கொண்டுபோய் வாவியில விடுங்கோ. புண்ணியமாவது கிடைக்கும்."

"வாவியில விடக்கூடாதுங்க ஐயா. இது இந்த நாட்டு மீனில்ல. பெருகிட்டா அங்க இருக்கிற மீனுக்குத்தான் ஆபத்து."

"உவ்வளவு பெரிய வாவியில ஒரு மீன் என்ன செய்யும் பிள்ளை?" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

கட்டுகஸ்தோட்டையில் வளர்ப்பு மீன் விற்கும் ஒரு கடை இருக்கிறது. கடைக்காரர் முஸ்லிம், வயது அறுபது இருக்கும். எங்கள் மருந்துக்கடைத் தொட்டிக்கும் அவரிடம்தான் மீன் வாங்குவோம். வாளியோடு ஓட்டோவில் போய் இறங்கினேன். அவர் குனிந்து, மீனின் முதுகை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இத எங்க வச்சிருந்தீங்க தங்கச்சி?"

சொன்னேன்.

"மூணு வருஷமா!" என்றார். "பின்னால சீமெந்துத் தொட்டி ஈக்குது. அதுல விடுறன். ஆயுசு முடிஞ்சு மவுத்தாகுற வரைக்கும் அங்கயே ஈக்கட்டும்."

புதுத் தொட்டிக்கு என்ன வேண்டும் என்றும் அவரே சொன்னார். அவருடைய தொட்டியொன்றில் ஓடிக்கொண்டிருந்த பழைய பில்டர் ஸ்பொஞ்சைக் கழற்றி, அந்தத் தண்ணீரோடு பையில் கட்டித் தந்தார். "இதக் கழுவிப்போட வேணாம். இதுல ஈக்கிற கிருமிதான் தண்ணியச் சுத்தம் பண்ணும். மீனுக்கு அவசரப்படாதீங்க. ரெண்டு கிழமை பம்ப மட்டும் ஓட விடுங்க."

அந்த இரண்டு வாரமும் நான் பட்ட பாடு. குழாய்த் தண்ணீரை வாளிகளில் பிடித்து, குளோரின் போக ஒரு நாள் வைத்து ஊற்றினேன். கழுவிய சல்லியும் கொஞ்சம் செடியும் போட்டேன். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. அவ்வளவுதான், படியிறங்கும் ஒவ்வொருவரும் விசாரணை அதிகாரியாகிவிட்டார்.

"இன்னும் மீனைக் காணோமே மிஸ்?"

"வெறுந்தண்ணிய வச்சுப் பார்க்கவா இவ்வளவு நாள்?"

மூன்று வருடம் சாக்கடையைப் பொறுத்தவர்களுக்கு இரண்டு வாரம் தெளிந்த தண்ணீரைப் பொறுக்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை மீன்கள் வந்தன. ஆண் கப்பி பத்து, சிவப்புப் பிளேட்டி ஆறு, சீப்ரா எட்டு. பெட்டைக் கப்பி வேண்டாம், ஆறு மாதத்தில் தொட்டி நிறைந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, பிறகு விட்டேன். கப்பிகள் வால்களை விரித்துக்கொண்டு உடனே நீந்தின. செக்யூரிட்டி தன் கதிரையைத் தொட்டிப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். டியூஷன் மாஸ்டர் பார்த்துவிட்டு, "ம், கான் மீன்" என்று சொல்லி வெளியே போனார்.

பத்து நாள் எல்லாம் நலமாக இருந்தன.

மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று மாலை வேலை முடிந்து வந்தேன். கப்பிகளைக் காணவில்லை. மிஞ்சிய நான்கு பிளேட்டிகளும் சீப்ராக்களும் பில்டரின் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றன. நடுவில், கருமையும் செம்மஞ்சளுமாக, சின்ன மீன்களைத் தின்கிற வெளிநாட்டு மீனான ஒஸ்கார் ஒன்று, உள்ளங்கையளவு, வயிறு புடைக்க நின்றது. வாயோரத்தில் ஒரு வால் ஆடியது.

செக்யூரிட்டி என் முகத்தைப் பார்க்கவில்லை. மத்தியானம் தலைவரே கொண்டுவந்து விட்டார் என்றும், 'சின்ன மீன் எடுபடாது, பெரிய மீன் ஒன்று வேண்டும்' என்று சொன்னார் என்றும் மெதுவாகச் சொன்னார்.

வலையால் ஒஸ்காரைப் பிடித்து வாளியில் விட்டேன். வாளியைத் தூக்கிக்கொண்டு நான்காம் மாடிக்கு ஏறினேன். கதவு திறந்தேயிருந்தது. உள்ளே பட்டுச் சேலைகள், பலகாரத் தட்டுகள், கதிரை நிறைய ஆட்கள். நடுக்கூடத்தில், விருந்தாளிகளின் காலடியில் வாளியை வைத்தேன்.

தலைவரின் முகம் வெளுத்தது. "பிள்ளை, இதென்ன? ஆக்கள் வந்திருக்கினம். பிறகு கதைப்பம்."

"உங்க மீனுங்க ஐயா. கீழ இருந்த கப்பியெல்லாம் தின்னுட்டுது. அதான் கொண்டு வந்தேன்."

மாப்பிள்ளையின் தகப்பன் போலிருந்த ஒருவர் குனிந்து பார்த்தார். "குழம்புக்கோ?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவரும் சிரிக்க முயன்றார், முடியவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பி இறங்கினேன். படியில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலையில் செக்யூரிட்டியிடமிருந்து மிச்சக் கதை தெரிந்தது. விருந்தாளிகள் போனதும் தலைவர் வாளியை அவரிடம் கொடுத்து, வாவியில் கொட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். அவரும் கொட்டிவிட்டு வந்துவிட்டார். சொன்னதைச் செய்யாவிட்டால் அவருக்கு வேலை போய்விடும்.

கட்டுகஸ்தோட்டைக் கடைக்கு டெலிபோன் கோல் எடுத்துச் சொன்னேன்.

"எனக்கு ஒரு கோல் தந்திருந்தா நானே வந்து எடுத்திருப்பனே தங்கச்சி," என்றார் கடைக்காரர். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒஸ்காரை எங்கே கொடுக்க வேண்டும் என்பது அன்று மாலையே எனக்குத் தெரியும். ஓட்டோவில் இருபது நிமிடம். ஆனால் எனக்கு அப்போது வேண்டியிருந்தது அந்த மீனுக்கு ஒரு இடமல்ல, ஒரு மனிதர் விருந்தாளிகள் முன்னால் கூனிக் குறுகுவது. அது கிடைத்தது. தலைவரும் டியூஷன் மாஸ்டரும் சோறு கொட்டியவரும் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்று அவர்களுக்கு நான் சளைத்தவள் இல்லை.

கல்யாணம் நிச்சயமானது. குழம்பு பற்றிக் கேட்டவருக்கு அந்த வீடு பிடித்துப்போனதாம். அடுத்த மாதம் நான் மறுபடி கப்பி பத்து வாங்கி விட்டேன். தொட்டியின் மூடிக்குப் பூட்டு வைத்தேன். திறப்பு என்னிடமும் செக்யூரிட்டியிடமும் மட்டும் இருக்கிறது. இதைப் பற்றிச் சங்கத்தில் முறைப்பாடு வந்தது. நான் கூட்டத்துக்குப் போகவில்லை.

போன வாரம் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது தலைவர் யாரோ இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். தொட்டிக்கு முன்னால் அவர்களை நிறுத்தினார்.

"அரவானா, ஒஸ்கார் எண்டு கனபேர் சொல்லிச்சினம். நான்தான் வேண்டாமெண்டிட்டன். பராமரிப்புக் குறைஞ்ச மீன்தான் பொது இடத்துக்குச் சரி. என்ன பிள்ளை?"

பிளாஸ்டிக் குழாயிலிருந்து அழுக்குத் தண்ணீர் வாளிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சப்பாத்து நனையும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றேன். தள்ளி நின்றார்கள்.